மதுரையில் என்ன பார்க்கணும்?

போன வாரம் உங்களில் ஒருத்தி எனக்கு ஃபோன் செய்தாள். ஒன்று, இரண்டு, மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளை மதுரைக்குக் கூட்டிக்கொண்டு போகணும், அதிகம் செலவாகாமல் போய்வர வழி சொல்லுங்கள் டீச்சர் என்றாள். ஓய்வு பெற்றவளிடம் இப்படி யாராவது வாய் கொடுப்பார்களா? நான் ஆரம்பித்துவிட்டேன். முக்கால் மணி நேரம் கழித்து, அடுப்பில் பால் பொங்குகிறது என்று சொல்லி அவள் தப்பித்துவிட்டாள். சொல்ல வேண்டியதை அப்போது நான் சொல்லவே இல்லை. அதை இங்கே எழுதுகிறேன், புதிதாக வேலைக்கு வந்திருக்கும் மற்றவர்களும் படித்துக்கொள்ளுங்கள்.

முதலில், செலவு ஒரு விஷயமே இல்லை. வேன் பிடிக்காதீர்கள். சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது, யூனிஃபார்ம் போட்ட பிள்ளைகளிடமும் கண்டக்டர் காசு கேட்பதில்லை. சாப்பாட்டுக்குப் புளியோதரை கட்டிக்கொள்ளுங்கள், தயிர்சாதம் பன்னிரண்டு மணிக்குள் புளித்துவிடும். போகிற இடத்தில் முதலில் கழிப்பறை எங்கே என்று பாருங்கள், அப்புறம் சிற்பம் எங்கே என்று பாருங்கள். போவதற்கு முந்தின நாளே அந்த இடத்துக்கு ஃபோன் செய்து, நாளைக்குத் திறந்திருக்கிறதா என்று கேளுங்கள். பூட்டிய கேட்டுக்கு முன்னால் இருபது பிள்ளைகளோடு நின்றவள் சொல்கிறேன்.

இடங்களைக் குறையுங்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் வேன் வைத்து ஒரே நாளில் எட்டு இடம் காட்டினேன். மகால், தெப்பக்குளம், திருப்பரங்குன்றம் என்று ஓடினோம். மறுநாள் வகுப்பில், நேற்று என்னவெல்லாம் பார்த்தீர்கள் என்று கேட்டேன். முன் பெஞ்சில் இருந்தவன் எழுந்து, மகேஸ்வரி நாலு தடவை வாந்தி எடுத்ததைப் பார்த்தோம் டீச்சர் என்றான். மற்றவர்கள் ஆமாம் என்று தலையாட்டினார்கள். அதிலிருந்து ஒரு நாளைக்கு இரண்டே இடம் என்று வைத்துக்கொண்டேன்.

அந்த இரண்டு இடத்தையும் நான் முடிவு செய்வதில்லை. அதுதான் என்னுடைய முறை, அதில் எனக்குப் பெருமையும் உண்டு. கரும்பலகையில் 'மதுரையில் என்ன பார்க்கணும்?' என்று பெரிதாக எழுதுவேன். ஒவ்வொரு பிள்ளையாகக் கேட்டு, சொல்வதை வரிசையாக எழுதுவேன். எதற்குக் கை அதிகம் விழுகிறதோ அங்கே போவோம். பிள்ளை தன் வாயால் கேட்ட இடத்தை மறக்காது. பயிற்சி வகுப்புகளில் இதைப் பற்றி நான் பேசியிருக்கிறேன், கைதட்டல்கூட வாங்கியிருக்கிறேன். அந்த முறைதான் என்னை ஒரு நாள் நடுத்தெருவில் நிறுத்தியது.

அது நான் ஓய்வு பெறுவதற்கு முந்தின வருடம். எழுமலைக்கு அந்தப் பக்கம் ஒரு சின்னக் கிராமத்தில் ஈராசிரியர் பள்ளி. நான் தலைமை ஆசிரியை, என்னோடு ஓர் இளம் ஆசிரியர். முதல் மூன்று வகுப்பும் எனக்கு, மற்றது அவருக்கு. சோறாக்க பாண்டியம்மா. என் வீடு சோழவந்தானில். காலையில் இரண்டு பஸ் மாறி வருவேன், சாயங்காலம் மணி அடித்ததும் பையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடுவேன். ஊர்க்காரர்கள் மரியாதையாக இருந்தார்கள், நானும் மரியாதையாக இருந்தேன். ஆனால் ஒரு சாவுக்கோ சடங்குக்கோ அந்த ஊரில் உட்கார்ந்து ஒரு டம்ளர் காபி நான் குடித்தது கிடையாது.

அந்த வருடம் முதல் வகுப்பில் கவிநயா என்று ஒரு பிள்ளை சேர்ந்திருந்தாள். அப்பா தவசி, டிராக்டர் ஓட்டுகிறவர். அம்மா இறந்து ஒரு வருடம் என்று சேர்க்கும்போதே சொன்னார்கள், நான் விண்ணப்பத்தில் எழுதிக்கொண்டேன். அதிகம் பேசாத பிள்ளை. பேசினாலும் காதைப் பக்கத்தில் கொண்டுபோக வேண்டும்.

கரும்பலகையில் எழுதிக்கொண்டு வந்தேன். யானை, ரயில், மாடிப்படி தானாக மேலே ஏறுமாமே அது, புரோட்டா கடை, எல்லாம் வந்தது. கோயில் என்று நாலைந்து பேர் சொன்னார்கள். கவிநயாவின் முறை வந்தது. எழுந்து நின்று, அன்றைக்கு எல்லோருக்கும் கேட்கிற மாதிரியே சொன்னாள்.

"மருதைக்குப் போயி ஆத்தாளப் பாக்கணும்."

எங்கள் சோழவந்தானில் ஆத்தா என்றால் அம்மன்தான். பெற்றவளை அம்மா என்போம். இந்தப் பிள்ளைகளும் பெரும்பாலும் அம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவளை ஆத்தா என்று கூப்பிடுகிற வீடு அந்த ஊரில் இன்னும் இரண்டு மூன்று மிச்சம் இருந்தது எனக்குத் தெரியாது. நான் சாக்பீஸை எடுத்து 'மீனாட்சி அம்மன்' என்று எழுதினேன். பிள்ளைக்கு இன்னும் எழுத்துக் கூட்டத் தெரியாது. அவளைப் பார்த்து, "கட்டாயம் காட்டுறேன்டா" என்று வேறு சொன்னேன். வகுப்பு சட்டென்று அமைதியாகிவிட்டது. சாமி பெயரைச் சொன்னதும் பிள்ளைகளுக்கு என்ன பக்தி என்று நினைத்துக்கொண்டேன். மண்டு நான்.

ஒரு சனிக்கிழமை காலை ஆறு மணி பஸ்ஸில் கிளம்பினோம். இருபத்திரண்டு பிள்ளைகள், பெரியவர்கள் மூன்று பேர். அதிகம் கை விழுந்தது மாடிப்படிக்கும் கோயிலுக்கும். முதலில், தானாக ஏறுகிற மாடிப்படி இருக்கிற நத்தம் ரோட்டுப் பெரிய நூலகம், பிறகு கோயில். கவிநயா முதுகில் ஒரு பையை மாட்டிக்கொண்டு வந்திருந்தாள். பை புடைத்துக்கொண்டிருந்தது. வீட்டையே தூக்கிட்டு வந்துட்டியா என்று கேலி செய்தேன். அவள் சிரித்தாள். அவள் பல் தெரியச் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

மதுரையில் டவுன் பஸ் மாறி ஆற்றுப் பாலம் தாண்டினோம். கோரிப்பாளையத்தில் மேம்பால வேலை நடந்துகொண்டிருந்தது. பஸ்ஸை நேராக விடாமல் சுற்றிப் போகச் சொன்னார்கள். சுற்றிய பஸ் பெரியாஸ்பத்திரி வாசல் பக்கம் வந்ததும் என் பிள்ளைகளுக்கு என்ன வந்ததோ தெரியவில்லை. அந்தப் பக்கத்து ஜன்னலோரம் இருந்தவர்கள் அத்தனை பேரும் எழுந்து நின்றுகொண்டார்கள். மூன்றாம் வகுப்பு சஞ்சனா, அவள்தான் என் வகுப்புகளின் சட்டாம்பிள்ளை, இரண்டாம் வாய்ப்பாட்டை ஆரம்பித்தாள். மற்றவர்கள் தொண்டை கிழியக் கத்தினார்கள். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. கண்டக்டர், பிள்ளைகளை அடக்குங்க டீச்சர் என்று சடைத்துக்கொண்டார். சஞ்சனா கவிநயாவின் முகத்தைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு ஏழிரண்டு பதினாலு என்று கத்திக்கொண்டிருந்தாள்.

எனக்கு மானம் போனது. எழுந்து போய் சஞ்சனாவைக் கையைப் பிடித்து இழுத்து, டிரைவருக்குப் பின்னால் தனியாக உட்கார வைத்தேன். நீயெல்லாம் ஒரு லீடரா என்று எல்லோர் முன்னாலும் கேட்டேன். அவள் தலையைத் திருப்பி, பஸ் ஆஸ்பத்திரியைத் தாண்டிவிட்டதா என்று மட்டும் பார்த்தாள். அதை நான் கவனித்தேன், கவனித்தும் புரிந்துகொள்ளவில்லை.

நூலகத்தைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை, நீங்களே போய்ப் பாருங்கள். பிள்ளைகள் உயர உயர அடுக்கியிருந்த புத்தகங்களை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள். இம்புட்டையும் யாரு டீச்சர் எழுதுனது என்று ஒருவன் கேட்டான். நிறையப் பேர் சேர்ந்து எழுதியது என்றேன். அப்பச் சரி என்றான். கவிநயா மட்டும் ஒரு புத்தகத்தையும் தொடவில்லை. என் சேலை முந்தானையைப் பிடித்துக்கொண்டு, அடுத்தது எப்ப டீச்சர், அடுத்தது எப்ப டீச்சர் என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

கோயிலுக்கு வந்து சேரும்போது மணி பதினொன்றே முக்கால். பன்னிரண்டரைக்கு நடை சாத்திவிடுவார்கள். பிள்ளைகள் கோபுரத்தைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார்கள், கழுத்து பின்னால் மடங்கியது. உச்சி தெரியவில்லை என்று ஒருத்தி தரையில் மல்லாக்கப் படுத்தே விட்டாள். அவளை எழுப்பி, செருப்பைக் கழற்றவைத்து, எல்லோரையும் வரிசையாக நிறுத்தினேன். செருப்பும் ஃபோனும் வெளியே கொடுக்க வேண்டும். பாண்டியம்மா அவற்றைப் பார்த்துக்கொண்டு வெளியிலேயே இருப்பதாக ஏற்பாடு. வாசலில் ஒரு பெண் போலீஸ் பைகளைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

கவிநயாவின் பையைத் திறந்தவர் உள்ளேயிருந்து ஒரு ஜோடி செருப்பை எடுத்தார். பெரியவர்கள் போடுகிற பெண்கள் செருப்பு. இது யாருக்கு பாப்பா என்று கேட்டார்.

"ஆத்தாளுக்கு."

அந்தப் பெண் போலீஸ் சிரித்துவிட்டார். மதுரைக்காரப் பெண், அன்பாகத்தான் சொன்னார். "ஆத்தாளுக்குச் செருப்புக் கொண்டாந்தியா? அவ வெறுங்காலோடதான் நிப்பா, செருப்பெல்லாம் போட மாட்டா."

நானும் சிரித்தேன். சாமிக்குச் செருப்பு வாங்கி வந்திருக்கிறது பாருங்கள் பிள்ளை என்று கையில் வாங்கினேன். அது புதுச் செருப்பு இல்லை. குதிகால் தேய்ந்து, பெருவிரல் பட்ட இடம் குழிந்து, ஒரு வார் ஊக்குப் போட்டுச் சேர்த்திருந்தது. ஒருத்தி வருடக்கணக்கில் போட்டு நடந்த செருப்பு.

"செருப்பு இல்லாமப் போயிருச்சு டீச்சர். அதான் இன்னும் வர முடியல" என்றாள் கவிநயா.

பிள்ளை கேட்டது அம்மனை இல்லை, பெற்றவளை. திரும்பிப் பார்த்தால் பாண்டியம்மா முகத்தை மூடிக்கொண்டு நிற்கிறாள். அவளைத் தள்ளிக் கூட்டிக்கொண்டு போய்க் கேட்டேன். தவசியின் மனைவியை ராத்திரியோடு ராத்திரியாக ஆம்புலன்ஸில் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது பிள்ளையை டி. கல்லுப்பட்டியில் சித்தி வீட்டில் விட்டிருக்கிறார்கள். நாலே நாளில் எல்லாம் முடிந்துவிட்டது. பிள்ளை திரும்பி வந்து கேட்டதும், ஆத்தா மருதை ஆஸ்பத்திரியில இருக்கா, சரியானதும் வருவா என்று தவசி சொல்லியிருக்கிறார். அன்றைக்குச் சொன்னதை அதற்குப் பிறகு மாற்றிச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. ஊரும் அதையே சொல்லிக்கொண்டிருக்கிறது.

"ஏன் என்கிட்டச் சொல்லல?" என்றேன்.

"ஊருக்கே தெரியுமே டீச்சர். ஒங்களுக்குந் தெரியும்னுல்ல நெனச்சேன்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஊருக்கே தெரியும் என்றால் இந்தப் பிள்ளைகளுக்கும் தெரியும். செத்த வீட்டுக்குப் போய் வந்தவர்கள், பிணம் தூக்கியதைப் பார்த்தவர்கள். அந்தப் பிள்ளைகிட்டச் சொல்லிராதீக என்று வீட்டில் ஒரு தடவை சொல்லியிருப்பார்கள், அவ்வளவுதான். பக்கத்தில் இருப்பவன் ரப்பரைத் தொட்டால்கூட அடுத்த நிமிடம் என்னிடம் ஓடிவந்து சொல்கிற பிள்ளைகள். சண்டை போட்டால் அப்பன் பெயர், பாட்டன் பெயர் எல்லாவற்றையும் இழுக்கிற பிள்ளைகள். கவிநயாவோடும் எத்தனையோ சண்டை போட்டிருப்பார்கள். ஒரு கோபத்தில்கூட, ஒரு விளையாட்டில்கூட, இருபத்தோரு பேரில் ஒருத்தர் வாயிலிருந்தும் அந்த வார்த்தை வரவில்லை.

வரிசையில் நின்றவர்களைப் பார்த்தேன். அத்தனை பேரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். டீச்சர் என்ன சொல்லப் போகிறாள் என்று காத்துக்கொண்டிருந்தார்கள். முப்பத்து நாலு வருடம் பிள்ளைகளோடு இருந்தவள் நான். பிள்ளைகளைப் பார்த்து அப்படி மலைத்துப் போய் நின்றது அதுதான் முதல் தடவை.

ஃபோனைக் கொடுப்பதற்கு முன் தவசிக்குப் போட்டேன். விஷயத்தைச் சொன்னேன். டிராக்டர் சத்தம் நின்றது. "காலையில செருப்பக் காணோம்னு தேடுனேன் டீச்சர்" என்றார். அப்புறம், "நீங்களே பக்குவமாச் சொல்லிருங்களேன். படிச்சவுக நீங்க" என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. அவர் மேல் பாதி, என் மேல் பாதி. "நான் சொல்ல மாட்டேன், தவசி. பொய்யும் சொல்ல மாட்டேன். நாலு மணிக்கு வாரோம். பஸ் நிக்கிற எடத்துல நீங்க நிக்கணும்."

"எனக்கு வாய் வராது டீச்சர்."

"வந்து நில்லுங்க."

உள்ளே போவதா, அப்படியே திரும்புவதா? இளம் ஆசிரியர் திரும்பிவிடலாம் என்றார். நான் போவோம் என்றேன். ஒரு பிள்ளைக்காக இருபத்தோரு பேரைத் திருப்பி அனுப்பினால் காரணம் அந்தப் பிள்ளைதான் என்றாகிவிடும். அது என் கணக்கு. சரியோ தப்போ, வாசலில் நின்று யோசிக்க எனக்குக் கிடைத்தது ஒரு நிமிடம்தான்.

செருப்பை பாண்டியம்மா தன் மடியில் வைத்துக்கொண்டாள். கவிநயாவின் கையைப் பிடித்துக்கொண்டு நான் உள்ளே நடந்தேன். அவள் தூண்களைப் பார்க்கவில்லை, சிலைகளைப் பார்க்கவில்லை. எதிரே வருகிற ஒவ்வொரு பெண்ணின் முகத்தையும் பார்த்துக்கொண்டு வந்தாள். பொற்றாமரைக் குளத்துப் படியில் எல்லோரையும் உட்காரச் சொன்னேன். அவள் மட்டும் நின்றுகொண்டே கேட்டாள்.

"டீச்சர், ஆத்தா உள்ளதான இருக்கா?"

குனிந்து அவள் கண்ணைப் பார்த்தேன். பார்க்காமல் சொல்லியிருக்கலாம், சுலபமாக இருந்திருக்கும்.

"இல்லடா கவி. ஒன் ஆத்தா இங்க இல்ல. நீ கேட்டத நான் தப்பாப் புரிஞ்சுக்கிட்டேன். என் தப்பு அது."

"பெறகு எங்க?"

"அப்பா சொல்வாரு. இன்னைக்கே சொல்வாரு. நான் ஒங்கூடவே இருப்பேன்."

அவள் அழவில்லை. படியில் உட்கார்ந்து தண்ணீரைப் பார்த்தாள். சஞ்சனா எழுந்து வந்து அவளை ஒட்டி உட்கார்ந்தாள். பிறகு இன்னொரு பிள்ளை வந்தது. யாரும் சொல்லவில்லை, யாரும் கூப்பிடவில்லை. ஒவ்வொருவராக எழுந்து வந்து அந்த ஒரே படியில் நெருக்கியடித்து உட்கார்ந்துகொண்டார்கள். இடம் போதாமல் சின்னவர்கள் கீழ்ப்படியில் அவள் காலடியில் உட்கார்ந்தார்கள். வெளிநாட்டுக்காரர் ஒருவர்கூட நின்று பார்த்துவிட்டுப் போனார். அந்தக் கோயிலுக்கு நான் எத்தனையோ தடவை போயிருக்கிறேன், அம்மன் சன்னதியில் கண்ணீர் விட்டிருக்கிறேன். அன்றைக்கு அந்தப் படியைப் பார்த்துத்தான் கும்பிட்டேன்.

கொஞ்ச நேரம் கழித்து சஞ்சனாவிடம் போய், பஸ்ஸில் திட்டியதற்கு மன்னிப்புக் கேட்டேன். அவள் என் காதில், "ஆஸ்பத்திரியப் பாத்தா எறங்கிருவேன்னு கவி சொல்லிக்கிட்டே வந்தா டீச்சர். அதான்" என்றாள். எட்டு வயது அவளுக்கு.

சன்னதிக்கும் போனோம். கூட்டத்தில் பிள்ளைகளைத் தூக்கித் தூக்கிக் காட்டினோம். விளக்கு வெளிச்சத்தில் பச்சைப் பட்டு தெரிந்தது. கவிநயாவும் பார்த்தாள், கை கூப்பினாள். பிறகு புளியோதரையைச் சாப்பிட்டுவிட்டு பஸ் ஏறினோம். உசிலம்பட்டி தாண்டும்போது பாதிப் பேர் தூங்கிவிட்டார்கள். அவள் தூங்கவில்லை.

நான் உங்களுக்குச் சொல்ல வந்தது இதுதான். பிள்ளை எதைப் பார்க்க ஆசைப்படுகிறது என்று கேளுங்கள், அந்த முறையை விட்டுவிடாதீர்கள். ஆனால் பலகையில் எழுதுவதற்கு முன்னால், அது யார், அது எது என்று இன்னொரு கேள்வி கேளுங்கள். ஊரில் இறங்கி, அந்தப் பிள்ளைக்கு வீட்டில் என்ன சொல்லி வைத்திருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள். உங்களுக்குத் தெரியாதது உங்கள் வகுப்புக்குத் தெரிந்திருக்கும். அவர்களைத் திட்டுவதற்கு முன் ஒரு தடவை, ஏன் என்று கேளுங்கள்.

நாலு மணிக்கு பஸ் ஊரில் நின்றது. தவசி நின்றுகொண்டிருந்தார். முகம் கழுவி, சட்டை மாற்றிக்கொண்டு வந்திருந்தார். மற்ற நாளாக இருந்தால் இறங்கியதும் ஆளுக்கொரு திசையில் ஓடுகிற பிள்ளைகள் ஒருத்தரும் நகரவில்லை. தவசி மண்ணில் குத்தவைத்து உட்கார்ந்து மகளின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். அவர் வாயைத் திறந்தார், மூடினார். நான் அவள் பக்கத்தில் நின்றேன். கடைசியில் சொல்லிவிட்டார்.

"ஆத்தா வர மாட்டாடா. ஆத்தா செத்துப்போச்சு."

அவள் அவரையே பார்த்தாள். பிறகு திரும்பி சஞ்சனாவைப் பார்த்தாள்.

"ஒனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"இவுக எல்லாருக்குமா?"

"எல்லாருக்கும் தெரியும்."

"ஏன் சொல்லல?"

"நீ அழுவேல்ல" என்றாள் சஞ்சனா.

கவிநயா அப்பாவின் தோளில் முகத்தைப் புதைத்தாள். முதலில் சத்தமே வரவில்லை, முதுகு மட்டும் குலுங்கியது. பிறகு வாய்விட்டு அழுதாள். அவள் சத்தம் கேட்டதும் சஞ்சனா அழுதாள். அப்புறம் ஒருத்தர் மிச்சமில்லாமல் அத்தனை பிள்ளைகளும் அந்த ரோட்டோரத்தில் நின்றபடி ஓவென்று அழுதார்கள். ஒன்றரை வருடத்துக்கு முன்னால் செத்தவளுக்காக, அவள் மகள் அழ ஆரம்பித்த பிறகுதான் அவர்களும் அழுதார்கள்.